வெள்ளி படிந்த தாள்

ஆவணி, வியாழக்கிழமை.

ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்ட எனக்கு என் வாய்தான் எதிரி. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் தொழிலாளர்கள் நிரப்பித் தந்த கேள்வித் தாள்களை, மேனேஜரோடு டீ குடித்துக்கொண்டே புரட்டினேன். பேர் இல்லாத தாள்தானே என்ற தைரியத்தில், "ஒரு ஆளு மட்டும் உங்கள ஃபெயிலாக்கிட்டாக" என்று கிண்டலாக ஒன்றை நீட்டினேன். 'மேலாளர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரா?' என்பதற்கு, 'ஒருபோதும் இல்லை' என்று டிக்.

அவர் டிக்கைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த, பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடியின் வெள்ளி விரல் தடத்தைப் பார்த்தார்.

"மருந்து ரூம்ல எளுதப் படிக்கத் தெரிஞ்சது மாரியம்மா மட்டுந்தான் சார்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மாரியம்மாள் நின்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"பேரு எளுத வேண்டாம்னுதானே சொன்னீக?"

"ஆமாம்மா..."

"விடுங்க சார், கையக் களுவிட்டு எளுதியிருக்கணும். இம்புட்டு வருசத்துல யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நீங்க கேட்டீக. அதான் எளுதிப்புட்டேன்."

மற்ற எல்லோரும் 'எப்போதும்' என்றே டிக் அடித்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் இவளை 'பதிலளித்தவர் இருபத்து மூன்று' என்றுதான் குறிப்பிட வேண்டும். பேர் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம்.