ஈசானிய மூலைச் செங்கல்

காலடிப்பேட்டை
14.6.2003

அன்பு மகன் வல்லரசுக்கு, நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே வெயில் கடுமை என்று டிவியில் சொன்னார்கள், மோர் நிறையக் குடி. வீட்டுக்காரர் மறுபடியும் காலி பண்ணச் சொல்கிறார். அம்மா அசரவில்லை, எங்களுக்குத்தான் மனை இருக்கிறதே என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை சாத்தாங்காட்டு இரும்புக்கடை சுடலைராஜ், வேலிக்குக் குழி போட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நம் மனைப் பக்கம்தான் என்றதும், அப்படியே நம்முடையதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று டிராக்டரில் குழி போடும் மெஷினை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். போய் நின்ற இடமே நம் மனை. "என்னண்ணே, உங்க மவன் மார்ச் மாசமே எனக்கு எழுதிக் குடுத்துட்டாரே, அதான் உங்களையே கூப்பிட்டேன், தெரியும்லா" என்று சுடலைராஜ் கேட்டார். தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல. மார்ச்சில் லீவில் வந்தபோது பாஸ்போர்ட் வேலை என்று சொன்னாய், நான்தான் உன்னை இதே டிராக்டரில் கூட்டிப்போய்த் தேரடியில் இறக்கிவிட்டேன். பின்னால் பெயர் மாற்ற அலைய வேண்டாமே என்று மனை வாங்கும்போதே உன் பெயரில் பத்திரம் போட்ட மடையனும் நான்தான்.

பாதியில் திரும்பினால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், அது அம்மா காதுக்கு வரும். அதனால் போட்டேன், இருபத்தாறு குழி. பழைய வண்டி, கிளட்சை மிதித்தால் வண்டியோடு மெஷினும் நின்றுவிடும், உனக்குத் தெரியும். ஈசானிய மூலையில் மண்ணைக் குடையும் துருவியை இறக்கியபோது எதிலோ மாட்டி போல்ட் முறிந்தது. கியர் உடையாமல் இருக்கத்தான் அந்த மெது போல்ட்டைப் போடுகிறோம், அது தன் வேலையைச் செய்தது. சிக்கிய துருவியை பைப் ரெஞ்சு போட்டுக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்றி எடுத்தேன். கூடவே பூமி பூஜைக்கு உன் அம்மா மஞ்சள் தடவி வைத்த செங்கல் பாதியாக உடைந்து வந்தது. வேறு போல்ட் மாட்டி அந்தக் குழியையும் போட்டு முடித்தேன். உனக்கு ஒரு கஷ்டம் என்றால் நானே விற்றுக் கொடுத்திருப்பேனே. ஒரு வார்த்தை கேட்காமல் செய்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

செங்கல் டிராக்டர் டூல் பெட்டியில் கிடக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவரத் தைரியமில்லை. நேற்றுகூட அம்மா, "கெயக்கு பாத்தா மாதிரி சமையக்கட்டு வெச்சிடுய்யா, காலீல வெளிச்சம் வந்துகினே இருக்கும்" என்றாள். சரி என்றேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடி இரு, என்ன கோபம் இருந்தாலும் அதில் எனக்கு மாற்றம் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, மறக்காதே. அதுவரை உன்னோடு சேர்ந்து நானும் அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் நைனா
ஜெயவேல்