பிளேன் பாரு

அக். 22, புதன்

விடியலிலிருந்து மழை. ராயபுரம் தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் ஊறிச் சிவப்பாக ஓடுகிறது. பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர். நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டில் பதினொரு மணி வரை நெட் இல்லை.

மதியம் ஒரு மெயில், வெளிநாட்டிலிருந்து. மார்கரெட். வயது எண்பத்து மூன்று. எம்.ஏ. படித்தபோது புழல் ஏரியைப் பற்றி நான் எழுதி, கல்லூரி இணையதளத்தில் வந்த கட்டுரை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. உலகப் போரின்போது அந்த ஏரியில் கடல் விமானங்கள் இறங்கி ஏறின என்று அதில் ஒரு பத்தி. அவருடைய அப்பா அப்படி ஒரு விமானத்தின் ரேடியோக்காரர். தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். சரக்குக் கப்பல்களுக்குக் காவல், நீர்மூழ்கி தேடுவது, மூழ்கிய கப்பலின் ஆட்களைத் தேடுவது.

கடைசியாகப் போனது ஆட்களைத் தேடி. ஓர் உயிர்காப்புப் படகைக் கண்டார்கள், இடத்தை ரேடியோவில் சொன்னார்கள். கப்பல் போய்ப் படகில் இருந்த எல்லோரையும் மீட்டது. விமானம் திரும்பவில்லை. உள்ளே எட்டு பேர். பெயர்கள் வரிசையாக. தன் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

"அது எங்கே கிடக்கிறது என்று உங்கள் ஊர் மீனவர்கள் யாருக்காவது தெரியுமா?"

எனக்கே தெரியும்.

அக். 23, வியாழன்

தூக்கமில்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போய், டிரம் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அலுமினியத் தகடு. வளைந்த ஓரம், அதில் வரிசையாக ஆணித்தலைகள். நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவின் வலை கடலடியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்த வலையோடு வந்தது இது. கச்சிதமாக டிரம்மை மூடியது. பன்னிரண்டு வருடமாக இதைத் திறந்துதான் தண்ணீர் குடிக்கிறோம்.

கடலடிப் பாறைக்குப் பாரு என்பார்கள். பாரில்தான் மீன் தங்கும். பாறைக்குப் பதில் விமானம் கிடப்பதால் அப்பாவுக்கு அது பிளேன் பாரு. சங்கரா, கொடுவா. அங்கே தூண்டில் மட்டும், வலை கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த பாயிண்டுக்குக்கூட வேறு பெயர்: அந்தோணியார். என் படிப்புச் செலவுக்கு விற்ற மீனில் பாதி அங்கிருந்து வந்தது.

குடை ரிப்பேர். அம்மாவுக்கு மாத்திரை.

அக். 25, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நண்டு வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு பேரா?"

"ஆமாம்பா. அந்தம்மா கேக்குறாங்க."

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? நேவிக்காரன் வந்து மிதவ போட்டுக்குவான். அந்தாண்ட போவாதன்னுவான். நம்ப எங்க போறது, மெரினாவுல சுண்டல் விக்கவா?"

அம்மா உள்ளேயிருந்து: "செத்தவங்கள நிம்மதியா வுடேண்டி. எல்லாத்தையும் மெயில்ல போடணுமா இன்னா?"

எழுதினேன். 'விசாரித்தேன். இங்கே யாருக்கும் அப்படி ஓர் இடம் தெரியவில்லை. வருந்துகிறேன்.' அனுப்பினேன். சுத்தமான ஆங்கிலம். ஒரு பிழை இல்லை.

அக். 26, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. ஒரே வரி. விசாரித்ததற்கு நன்றி, இவ்வளவு தூரம் யாரும் எனக்காகக் கேட்டதில்லை.

சாப்பிடவில்லை.

அக். 28, செவ்வாய்

கடலில் காற்று. மூன்று நாளாகப் படகுகள் கரையில். எல்லோரும் வீட்டில், எல்லோருக்கும் கோபம்.

அண்ணன் சேவியர் புது ஜிபிஎஸ்ஸை அப்பாவிடம் காட்டினான். காசிமேட்டுக் கடையில் பழையதைக் கொடுத்து மாற்றியிருக்கிறான். ஏற்கெனவே பத்து நாள் ஆகிறதாம்.

"நம்ப பாயிண்டெல்லாம் இதுல ஏத்திட்டேன் நைனா. சூப்பரா கீது."

"பழசுல அழிச்சியா?"

"இன்னாத்த?"

"டேய், பழசுல இருந்த பாயிண்ட அழிச்சியாடா?"

அண்ணன் புது ஜிபிஎஸ்ஸை அணைத்துக் கீழே வைத்தான்.

"அத்த யாரு வாங்கினாங்க?"

"போட்டுக்காரங்க யாரோ... கடைக்காரன் சொன்னான்."

போட்டு என்றால் பெரிய விசைப்படகு. இழுவை வலை. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் வெளியே போய்விட்டார்.

அக். 30, வியாழன்

காற்று அடங்கி நேற்றுதான் கடல் திறந்தது. இன்று வேலை முடிந்து வரும்போது டோல்கேட்டில் இறங்கினேன். எதற்கென்று தெரிந்தேதான். போட்டுக்காரர்கள் பழைய இரும்பு விற்கும் காயலாங்கடையில் வாசலிலேயே கிடந்தது. பாசி பிடித்த தகடுகள், அதே வரிசையில் ஆணித்தலைகள். ஓரிடத்தில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட்.

"இது எங்கேர்ந்துண்ணா?"

"கடல்லேந்துமா. ரெண்டு போட்டு சேந்து விஞ்சுல கட்டி இழுத்தாங்களாம். கெட்டி அலுமினியம். காலைல ஒரு லோடு உருக்கப் போயிடுச்சி. இன்னா, வோணுமா?"

"வேற ஏதாவது இருந்துச்சா? உள்ள?"

"இன்னாமா இருக்கும், சேறுதான். கலீஜ்."

ஐந்து நாளுக்கு முன் நான் உண்மையை எழுதியிருந்தால் இவர்களை யாராவது தடுத்திருப்பார்களா. தெரியாது. எழுதவில்லை என்பது தெரியும்.

நவ. 1, சனி

அப்பா கடலுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார். பெட்டியில் ஐஸ் உடையாமல் அப்படியே இருந்தது.

"நாலு தபா கயித்துல கல்லு கட்டி வுட்டுப் பாத்தேன். எதுலயும் மாட்டாம சும்மா வருது. வெறும் சேறு." கை கழுவினார். "பன்னண்டு வர்சமா அவனுங்க மேல குந்திகினு மீனு புட்ச்சோம். ஒரு தபாகூட யாரு இன்னான்னு கேக்கல பாரு."

நாளை கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க, இறந்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே பெயர்: சித்தப்பா பிரான்சிஸ், கடலில் போனவர், கல்லறை இல்லாதவர். அப்பா அதை எழுதிவிட்டுப் பேனாவை வைக்கவில்லை.

"அந்த எட்டு பேரு பேரு இன்னா?"

சொன்னேன். தாமஸ். ஹென்றி. வில்லியம். ஆர்தர். இரண்டு ஜார்ஜ். எட்வின். ரேடியோக்காரர் லெனார்ட். தமிழில் மெதுவாக எழுதினார். லெனார்ட்டை இரண்டு முறை கேட்டார்.

"இந்தாளு பொண்ணுதானே அது?"

"ஆமாம்பா."

"அதுக்கு மெயில் எய்து. பாயிண்டையும் போட்டுக் குடு. நம்பதான் மறைச்சோம்னும் எய்து. அப்பால இன்னா ஆச்சின்றதையும்."

நவ. 2, ஞாயிறு

மழை விட்டு வெயில். கோயிலில் கூட்டம். பாதிரியார் பிரான்சிஸ் வரைக்கும் சரளமாக வாசித்தார். பிறகு தாளை முகத்தருகே கொண்டுபோனார். பின்னால் யாரோ, "இன்னா மாமு, வெள்ளைக்காரன் பேரா கீது?" அப்பா திரும்பவில்லை.

மெயில் எழுத நாலு மணி நேரம் ஆனது. மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று முறை போட்டு மூன்று முறையும் எடுத்தேன். இடம். எப்போதிலிருந்து தெரியும். என் முதல் பதில் பொய். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. பெயர்கள் இன்று எங்கள் கோயிலில் வாசிக்கப்பட்டன. எங்களிடம் ஒரு தகடு இருக்கிறது, அது உங்களுடையது.

அனுப்பியாகிவிட்டது. பதில் இல்லை. வராமலும் போகலாம்.

சாயங்காலம் அப்பா தகட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, புதுத் துண்டில் சுற்றி அலமாரிமேல் வைத்தார்.

டிரம்முக்கு மூடி வாங்க வேண்டும்.