இரண்டு வயிறு, ஒரு பெஞ்சு

பரமத்தி
3.6.2024

அன்புள்ள தமிழினிக் கண்ணுக்கு,

அத்தை வசந்தாமணி எழுதுவது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மறைக்கலாமென்றால் வயிறு விடவில்லை. நாற்பத்தொரு வயதில் நானும் முழுகாமல் இருக்கிறேன், உன்னைப் போலவே ஐந்தாம் மாதம். காலேஜ் போகும் என் மகள் அபிநயா என்னோடு கடைவீதிக்கு வரமாட்டேன் என்கிறாள். உன் மாமாவோ ஊரே பார்க்க மாதுளம்பழம் வாங்கி வருகிறார். காரில்தான் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அங்கே நர்ஸ், "பேஷண்ட் உங்க பொண்ணுங்களா?" என்றாள். "நாந்தானுங்க சாமி" என்றேன். அவள் முகம் போன போக்கு!

படிப்பை விட்டுத் தறிக்காரனைக் கட்டிக்கொண்டாய் என்று உங்கப்பா பேசாமல் இருப்பது இருக்கட்டும். உன் வீட்டுக்காரர் போன் அவரோடு தறிக்குப் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். உனக்கு டாக்டர் என்ன சொன்னார்?

அத்தை
வசந்தாமணி

இளம்பிள்ளை
12.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். நலம் என்று எழுதத்தான் பேப்பர் எடுத்தேன், உங்களிடம் பொய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரே தடவைதான் போனேன். எல்லாருக்கும் அம்மாவோ அக்காவோ துணை. "பத்தொம்பது வயசுல இவ்ளோ ரத்தம் கம்மியா? உங்கம்மா எங்க?" என்று நர்ஸ் கேட்டார். அம்மா செத்துப்போனதை அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "வெளிய நிக்கிறாங்க" என்று எழுந்து வந்தவள், அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. துணைக்கு வர அவர் தறியை விட்டால் கூலியும் போகும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. பயமாக இருக்கிறது அத்தை.

தமிழினி

பரமத்தி
17.6.2024

கண்ணு,

வரும் திங்கட்கிழமை கிளம்பி இரு. நானும் இனி உன் ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொள்ளப் போகிறேன். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கா?" என்று உன் மாமா இழுத்தார். "ஏனுங்க, உங்க மாதுளம்பழம் அங்க தின்னாச் செரிக்காதுங்களா?" என்றேன். அம்மா எங்கே என்று கேட்டால் என்னைக் காட்டு. யாருக்குப் பிரசவம் என்று அவர்கள் குழம்பட்டும்.

அத்தை

பரமத்தி
12.7.2024

தமிழினிச் சாமிக்கு,

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஊற ஊசி போட்ட பிறகு தலைசுற்றல் குறைந்ததா? மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தூங்க வைக்காதே, விழுங்கு. அடுத்த மாதமும் நாம் இருவரும் ஒரே பெஞ்சுதான்.

நேற்று உங்கப்பா வந்தார். மழை, மரவள்ளி, மாட்டுக் காய்ச்சல் என்று ஊரைச் சுற்றினார். காபி ஆறிய பிறகு சுவரைப் பார்த்து, "புள்ளைக்கு டாக்டரு என்ன சொன்னாங்க?" என்றார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்துபோன கதையைச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடுத்த தடவை நானும் வாரேன். வெளிய நின்னுக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நம் இருவருடைய ஸ்கேன் படமும் என் பையிலேயே வந்துவிட்டது. உன்னுடையதைப் பார்க்கக் கேட்டார், கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மூக்கு அப்படியே நம்ம தமிழினி மூக்கு" என்றார். சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன், உன் படம் பீரோவில் இருக்கிறது. அவர் கொண்டுபோனது என்னுடையது.

அத்தை
வசந்தாமணி