பன்னிரண்டு நாட்டுக் காசு

திருகோணமலை
28.01.2002

அன்புள்ள மகள் சுலோஜனாவுக்கு,

காளியம்மன் துணையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மருமகனும் அந்தப் பிரான்சுக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே நேர்த்தி. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே, நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, அவசரமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய, புது யூரோக் காசின் படம் போட்ட விளம்பரத் தாள்கள் கிடைத்தன. என்னிடம் பிரெஞ்சு படிக்கிற ஆறு பிள்ளைகளும் பிரான்சில் இருக்கிற புருசன்மாரிடம் போகக் காத்திருக்கிறவர்கள், பாண்டிச்சேரியில் அகதியாக இருந்தபோது நான் படித்த புத்தகத்திலோ பாணுக்கும் பாலுக்கும் இன்னும் பிராங்கில்தான் விலை. போய் இறங்கினதும் கடையில் முழிக்கக்கூடாதே என்று அந்தப் படங்களைக் காசளவுக்கு வெட்டி, ஒருத்தியைக் கடைக்காரியாக்கி, விலை கேட்கவும் மிச்சக் காசு வாங்கவும் பழக்கினேன். பன்னிரண்டு நாட்டுக்கும் ஒரே காசு என்றதும் அவர்கள் நம்பவில்லை. அப்ப அவையள் சண்டை பிடிக்கமாட்டினமோ ரீச்சர் என்று ஒருத்தி கேட்க எல்லோரும் சிரித்தோம்.

கிண்ணியாவில் இருந்து வருகிற ஸாலிஹா, வீட்டில் பழகிப் பார்க்க என்று போன புதன்கிழமை வெட்டின காசுப் படங்கள் கொஞ்சம் கேட்டாள், நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். கிண்ணியாவுக்குப் படகு ஏறும் துறையடியில் பையைச் சோதித்த ஆமிக்காரன் அதைக் கண்டிருக்கிறான். தாளில் யாருடைய தலையும் இல்லை, ஒரு பக்கம் வாசலும் நட்சத்திரங்களும்தான். எந்த நாட்டுக் காசு, இங்கே புதிதாக ஒரு நாட்டுக்கு அடித்ததோ என்று கேட்டானாம். அந்தப் பிள்ளை உள்ளதைத்தான் சொன்னாள், பன்னிரண்டு நாட்டுக் காசு என்று. தன்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்து அவளைப் பொலிசில் பாரம் கொடுத்துவிட்டான்.

அன்று பின்னேரம் இரண்டு மணிபோல் அவளுடைய வாப்பா ஆதம்பாவா ஓடிவந்து, படலையைப் பிடித்தபடி, எங்கட பிள்ளை காசு அடிக்கிறவளோ ரீச்சர், நீங்க வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்க என்று அழுதார். உன்னிடம் எதற்கு மறைக்கவேண்டும், நான் முதலில் குசினிக்குள் போய் மிச்சத் தாள்களை எரிக்க நெருப்புப் பெட்டியைத்தான் எடுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடத்தான் மனம் சொன்னது. உன் அப்பாவையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடுகிறோம் என்றுதானே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் குச்சியை உரச ஏலவில்லை. அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஆதம்பாவாவோடு போனேன்.

பொலிஸ் ஸ்டேசனில் பெரியவரின் மேசையில் விளம்பரத் தாளை விரித்து, வெட்டின ஓட்டைக்குள் அவளிடம் எடுத்த துண்டை வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது. பின்பக்கத்து எழுத்தையும் தொடர்ந்து வாசித்துக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. அதோடு விட்டிருந்தால் நல்லது. இந்தத் தாளை அனுப்பினது ஆர், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கினமோ என்று கேட்டார். வெளிநாட்டில் பிள்ளை என்றால் இயக்கத்துக்குக் காசு அனுப்புகிறது என்றுதானே அவர்கள் நினைப்பார்கள். கொழும்பில் ஒருவர் தந்தது சேர், எனக்குப் பிள்ளைகளே இல்லை என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதினார், நான் கீழே கையெழுத்து வைத்தேன்.

ஐந்து மணிக்கு ஸாலிஹாவை விட்டார்கள். அடிக்கவில்லையாம். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் வாப்பாவுக்குப் பின்னால் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், விலைகளை வாயால் சொல்லிக்கொடுத்தேன். சண்டை நின்றுவிட்டது என்று றேடியோவில் சொல்கிறார்கள், இருந்தாலும் தெருவில் ஜீப் நின்றால் நான் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

உண்மையான யூரோத் தாள் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன் என்று ரெலிபோனில் சொன்னாயே, அனுப்பாதே மகள். போட்டுவிட்டாய் என்றால் உடனே புஸ்பராணி மாமி வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லு. இனிமேல் அவவின் விலாசத்துக்கே எழுது, உன் பெயர் போடாதே. இதையும் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, தனியாக நடந்து போகாதே. அம்மன் உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறக்காதே, எழுதும்போது அம்மா என்று எழுதாதே, ரீச்சர் என்றே எழுது. நான் மட்டும் இந்த ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
பத்மாசனி