நீங்கள் அழிக்காத வரி

அண்ணா,

இன்று காலை புறாக்களுக்கு ஊறப்போட்டிருந்த கம்பை வடித்துக் கொட்டினேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றீர்கள். உங்கள் அலுவலகத்திலும் இதே வாடைதான். வெளியே பத்திரிகை அலுவலகம் என்று பலகை, உள்ளே நுழைந்தால் புறாத் தீனிக் கிடங்கு. நீங்கள் நீட்டும் டீயில்கூட அந்த வாடை இருக்கும். சிலருடைய நினைவு பூவாசத்தோடு வரும் என்கிறார்கள். உங்களுடையது இப்படி வருகிறது.

நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு புதுப் புறா. என்னுடையது இல்லை. இன்னும் மூக்கு வெளுக்காத குஞ்சு. அலைந்து களைத்துச் சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. தீனி டப்பாவைக் குலுக்கினேன். என் புறாக்களோடு தானும் இறங்கி வந்து, என்னைப் பார்த்துப் பார்த்துக் கொத்தியது. பிடித்துச் சிறகை விரித்தேன். உள்பக்கம் கைப்பேசி எண்ணை முத்திரையாகக் குத்தியிருந்தார்கள். அழைத்துப் பேசினேன். பேசி முடித்த கையோடுதான் இதை எழுதுகிறேன். என்ன பேசினோம் என்று கடைசியில் சொல்கிறேன். பேச்சு உங்களைப் பற்றியும் வந்தது. அது உங்களுக்குப் பிடிக்கும்.

தருமபுரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, புறா வளர்ப்பவர்களுக்காக ஒரு மாத இதழை இத்தனை வருடம் இழுத்துக்கொண்டு வந்தீர்களே, அதற்காக உங்களை மதிக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. அதியமான்கோட்டையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்து, "இணையதளம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கறோம். வாரம் ஒரு வலைப்பதிவு எழுதிக் குடு. நீ பேசறதை அப்படியே எழுதுனாப் போதும்" என்று சொன்னதும் நீங்கள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையை மூடியதும் மசகுக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மழையில் கூண்டுக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி, பேன் பிடிக்காமல் இருக்கக் கூட்டில் புகையிலைக் காம்பு பரப்புவது, தொப்பூர்க் கணவாயில் வல்லூறு எந்தக் காற்றுக்குக் கீழே இறங்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவையும் எழுதினேன்.

முதல் பதிவு வந்த வாரமே ஆரம்பித்துவிட்டீர்கள். யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், கைப்பேசியை எடுத்து என் பதிவைத் திறந்து, விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய் அடியில் நிறுத்துவீர்கள். 'கருத்துகள்: 0' என்று இருக்கும்.

"பாத்தீங்களா? நம்ம எழுத்தாளருக்கு உலகம் பூரா வாசகருங்க" என்பீர்கள். வந்தவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்ய?

அச்சு இதழைப் பற்றி மட்டும் உங்களுக்குப் பெருமை தாங்காது. 'அதுக்கு வாசகர் கடிதம் வருது பார்' என்பீர்கள். வரும்தான். அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் 'அட்டைப்படம் அருமை, ஆசிரியர் தலையங்கம் அதனினும் அருமை' என்று மாதாமாதம் வரும். எல்லாம் உங்கள் மாமனார் வீட்டு ஆட்களின் பெயர்கள். நீங்கள் மேசையில் குனிந்து உட்கார்ந்து அவற்றை எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதங்களை நீங்களே எழுதிக்கொண்ட மனிதர், எனக்குக் கடிதம் வரவில்லை என்று சிரித்தீர்கள். நரம்பில்லாத நாக்கு என்பது சும்மா சொன்னதில்லை.

நான் ஒருமுறை உங்களோடு வாதாடினேன், நினைவிருக்கிறதா? நல்லம்பள்ளி மெடிக்கல்காரர் வீட்டுக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று. பந்தயத்தில் நம் எல்லோரையும் முந்துகிறவர். அவர் வீட்டில் ஒவ்வொரு கூட்டிலும் புகையிலைக் காம்பு, நான் எழுதியிருந்தபடியே, ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிப் பரப்பியிருந்தது. 'இதை எங்கே படிச்சீங்க?' என்று கேட்டேன்.

"படிக்கறதா? இது எங்கப்பன் காலத்துல இருந்து செய்யறதுங்க" என்றார். அவருடைய அப்பா சைக்கிளில் வளையல் விற்றவர். புறாவைக் குழம்பில் மட்டும்தான் பார்த்திருப்பார்.

அதை உங்களிடம் சொல்லி, "படிக்கறாங்கண்ணா. வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க" என்றேன். நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? என்ன தீனி போடுகிறான், எதைக் கரைத்து ஊற்றுகிறான் என்பதைக் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத கூட்டம். 'நல்ல பதிவு, பயன்பட்டது' என்று அடியில் எழுதினால், அடுத்த பந்தயத்துக்கு என்ன செய்யப்போகிறான் என்பதை எதிராளிக்கு அவனே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். எவன் எழுதுவான்? நம்மிடம் மௌனம் என்றால் படித்துவிட்டான் என்று அர்த்தம். பந்தயப் புறா வளர்த்த நீங்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. புரிந்துகொண்டால் என்னை வைத்துச் சிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

"படிச்சவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானாப்பா? நீ செவிடன் காதுல சங்கு ஊதற. இரு, நான் நிரூபிக்கறேன்" என்றீர்கள்.

நிரூபித்தீர்கள். குஞ்சுகளை முதல்முறையாக வெளியே திறந்துவிடுவது பற்றி நான் எழுதி அனுப்பிய பதிவில் ஒரே ஒரு வரியை மாற்றினீர்கள். 'பசியோடு விடுங்கள், பசித்த குஞ்சுதான் டப்பா சத்தத்துக்கு இறங்கி வரும்' என்று நான் எழுதியிருந்தேன். 'வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டுத் திறந்துவிடுங்கள், அப்போதுதான் பயப்படாது' என்று ஆக்கினீர்கள். என் பெயருக்குக் கீழே, என் நடையிலேயே. அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும். அனுப்பியதை நான் திரும்பப் படிக்கிறவன் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அதே வாரத்தில் ஒரு நாள் பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு அறிவித்தீர்கள். "அத்தனை பெரிய தப்பு போட்டிருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் ஏன்னு கேட்டானா? தீர்ந்துச்சுப்பா. எவனும் படிக்கல."

மெடிக்கல்காரர் டீயை ஊதிக்கொண்டே, "நான் பாத்தேனுங்க" என்றார்.

உங்கள் முகம் ஒரு கணம் விழுந்தது. "பாத்தீங்களா? பின்ன ஏன் சொல்லல?"

"நான் எதுக்குங்க சொல்லணும்? புதுசா வர்றவன் குஞ்சு போச்சுன்னா பந்தயத்துல ஒரு ஆளு கொறையும்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லோருமே பார்த்திருந்தார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நீங்களும் அவர்களோடு சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். படித்திருக்கிறார்கள் என்பது ருசுவானதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கடந்துபோன லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு உங்களை அடித்திருக்க வேண்டும். வயதுக்கு மரியாதை கொடுத்துத் தொலைத்தேன்.

"அந்த வரியை எடுத்துடுங்கண்ணா" என்று மட்டும் கேட்டேன்.

"போவுது உடு. இவனுங்களுக்குத் தெரியும், தெரியாதவன் எவனும் படிக்கறதில்ல. யாருக்கு நட்டம்?" என்றீர்கள். அடுத்த வாரத்திலிருந்து என் பகுதி வேண்டாம் என்று சொல்லி, அடியில் கருத்து எழுதும் பெட்டியையும் மூடிவிட்டீர்கள். அந்தப் பதிவுதான் கடைசி. தளத்தைத் திறந்தால் இன்றைக்கும் முதலில் நிற்பது அதுதான்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு அந்த வேண்டுகோளையும் கொண்டுவந்தேன். சாகப்போகிறவரிடம் கேட்கிற கேள்வியா என்று உங்கள் வீட்டில் நினைத்திருப்பார்கள். பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், நானே திருத்திக்கொள்கிறேன் என்றேன். மூக்கில் குழாயோடு நீங்கள் சிரித்தீர்கள். "இன்னுமா அதைப் புடிச்சுத் தொங்கற? நான் செத்தா அழுவறதுக்கே ஆள் இல்ல. உன் பதிவைப் படிக்கறதுக்கு எவன்டா வரப்போறான்?"

முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை, அண்ணா. துக்கம் கேட்க வந்தவர்கள் துணிப்பையோடு வந்தார்கள். உங்கள் மனைவி உள்ளே அழுதுகொண்டிருக்க, மாடியில் கூண்டைத் திறந்து நல்ல ஜோடிகளாகப் பார்த்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காரியம் முடிவதற்குள் கூண்டில் எச்சம்தான் மிச்சம். மெடிக்கல்காரர் உங்கள் சாம்பல் நிற ஆணைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கமாக வந்து, "பெரிய மனுசனுங்க" என்றார். அவர் சட்டை அசைந்தது. நான் எதையும் எடுக்கவில்லை. நல்லவன் என்பதற்காக இல்லை, நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

பாஸ்வேர்ட் உங்களோடு போய்விட்டது. பெங்களூரில் இருக்கும் உங்கள் மகனைக் கேட்டேன். தளத்துக்கான வாடகையைப் பல வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்களாம். தளம் அதுபாட்டுக்கு ஓடும், திறக்க வழியில்லை என்றான். நீங்கள் எதையும் முன்யோசனையோடு செய்தது அது ஒன்றுதான்.

இனி காலையில் நான் அழைத்துப் பேசியது.

எடுத்தது ஒரு பெண். தொட்டிமேல் புறா வந்திருக்கிறது என்றேன்.

"நெசமாவுங்களாண்ணா? கழுத்துல வெள்ளை மச்சம் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

அழுதுவிட்டாள். வத்தல்மலை அடிவாரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். "நேத்து சாயங்காலம்தாண்ணா குஞ்சுங்களை மொதல்முறையா தொறந்து உட்டேன். ஒண்ணும் எறங்கலீங்க. டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிக் கையே ஓஞ்சுபோச்சு. மேலயே சுத்திக்கிட்டு இருந்துட்டு அப்படியே போயிடுச்சுங்க. ஒண்ணுகூட வூடு திரும்பல."

"உடறதுக்கு முன்னாடி தீனி போட்டியாம்மா?"

"வயிறு நெறையப் போட்டங்கண்ணா. அப்பதான் பயப்படாதுன்னு நெட்டுல ஒருத்தர் எழுதியிருக்காருங்களே. அவரு எழுதுனது எல்லாத்தையும் படிச்சிருக்கேனுங்க. கூண்டுல ஈரம் ஏறாம இருக்க அவரு சொன்ன மாதிரி செஞ்சுதான் போன ஐப்பசி மழையில ஒரு குஞ்சுகூட சாவல. எனக்குப் புறா வளக்கக் கத்துக்குடுத்ததே அவருதாங்க. நேர்ல பாத்ததில்ல."

அண்ணா, என் நெஞ்சு நிறைந்துபோனது. நான் அதை மறைக்கவில்லை. இத்தனை வருடமும் அந்த ஒரு பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். பெயர் தெரியாத ஒருத்தி, நான் எழுதியதைப் படித்து, நம்பி, உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட என்னிடம் விட்டுவைக்கவில்லை நீங்கள்.

"அந்த ஒரு வரி தப்பும்மா. பசியோடதான் உடணும்" என்றேன்.

"எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்கண்ணா. இங்க புறா வெச்சிருக்கறவங்களைக் கேட்டா வேணும்னே மாத்திச் சொல்றாங்க. அவரு அப்படி இல்லீங்க. என் குஞ்சுங்கதான் சரியில்ல."

என்னிடமே என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாள்.

"அதை எழுதுனவன் நான்தாம்மா" என்று பெயரைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. "அப்ப ஏங்கண்ணா அப்படி எழுதுனீங்க?"

"அந்த வரி என்னுது இல்லம்மா. பத்திரிகை நடத்துனவரு மாத்திட்டாரு. இப்ப அவரு இல்ல."

மெதுவாகச் சொன்னாள்: "செத்தவங்க மேல பழி போடாதீங்க."

அதுவரை வாய்க்கு வாய் அண்ணா என்றவள், அந்த வாக்கியத்தில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து குஞ்சை வாங்கிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

குஞ்சு இப்போது கூடையில் இருக்கிறது. நன்றாகத் தின்கிறது. அவள் வரும்போது என்னிடம் இருக்கும் நல்ல குஞ்சுகளில் இரண்டு ஜோடி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வாங்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. வாங்கினாலும் இனி நான் சொல்வதை நம்பமாட்டாள். எவன் படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, ஒருத்தி படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள்.

அந்த வரியில் கைவைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் செத்துத் தொலைந்திருக்கலாம் என்று, இதை எழுதும்போது தோன்றியது. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி எழுதக்கூடாத வரி இது. எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. நீங்கள் அழித்தீர்களா?