பட்டாணியின் பதினைந்து எண்கள்

மார்ச் 11
பட்டாணி காணாமல் போய் இன்றோடு முப்பத்தாறு நாள். பித்தப்பை ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திறந்திருந்த கேட் வழியாக ஓடிவிட்டதாம். சாயங்காலம் இவர் பசை வாளியோடு என்னுடன் வந்தார். பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, பள்ளிக்கூடச் சுவர் — எல்லாவற்றிலும் என் நாயின் படம். தையல் பிரியும் என்று என்னைக் கையைத் தூக்கவே விடவில்லை. தெருமுனையில் நின்று, "பட்டாணி! பட்டாணி!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். இந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள்.

மார்ச் 12
கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே இரண்டு லென்ஸை உடைத்தேன்.

மார்ச் 15
பட்டாணிக்கு ஊசி போடும் டாக்டரம்மா கடைக்கு வந்தார். "கழுத்துத் தோலுக்கடியில அடையாளச் சிப் இருக்கே, காணோம்னு நாய்ப் பதிவு ஆபீஸ்ல சொல்லிட்டீங்கல்ல?"
இவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராமே. இருந்தாலும் நாளை நானும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

மார்ச் 16
போனில் சிப்பின் பதினைந்து எண்களையும் படித்தேன். பதிவு ஆபீஸ் பெண் பதிவேட்டில் பார்த்தாள்.
"இது இப்ப உங்க பேர்ல இல்லையே மேடம். பிப்ரவரி மூணாம் தேதி வேற ஒருத்தர் பேருக்கு மாத்தியாச்சு. உங்க சம்மதக் கடிதம் இருக்கு, கையெழுத்தோட."
மூன்றாம் தேதிதான் ஆபரேஷன். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போன இவர் மூன்று மணி நேரம் கழித்து வந்ததாக நர்ஸ் அப்போதே சொன்னாள்.
இல்லை. அப்படி இருக்காது. இருக்குமா?
புது உரிமையாளர் யார் என்று சொல்ல மாட்டார்களாம். என் நம்பரை அவரிடம் தருவார்களாம்.

மார்ச் 17
ஒரு தையல்காரர் கூப்பிட்டார். வயதான, பயந்த குரல்.
"உங்க வீட்டுக்காரர்தாம்மா கொண்டாந்து விட்டாரு. உங்களுக்கு நாய் ஒத்துக்கலை, நீங்களே குடுத்துடச் சொன்னீங்கன்னாரு."
இவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
"உடம்பு முடியாம வர்ற, அது உன் மேல பாயும். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."
"என் கையெழுத்த நீங்க போடலாமா? சரி, அந்த போஸ்டரெல்லாம் எதுக்கு?"
"நீ அழுதுகிட்டே இருந்த. வேற என்ன பண்றது?"
ஐயோ, என்ன மனுஷன் இவன்! எங்க இருக்குன்னு தெரிஞ்சுகிட்டே பேர் சொல்லிக் கூப்பிட்டானே! அதுவும் தொண்டை கட்டுற வரைக்கும்! எப்படி முடிஞ்சுது? பதினோரு வருஷக் குடித்தனத்துல இன்னும் எதையெல்லாம் மறைச்சு வெச்சுட்டு இப்படிக் கூப்பிட்டிருப்பான்?

மார்ச் 18
போஸ்டர்களைக் கிழித்தேன். பாதிக்கு மேல் வரவில்லை.

மார்ச் 20
தையல்கடைக்குப் போனேன். மிஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் குவியலில் பட்டாணி படுத்திருந்தது. என்னைக் கண்டதும் அழுதுகொண்டே ஓடி வந்து காலைச் சுற்றியது. உடம்பு தேறித்தான் இருந்தது. தையல்காரர் எங்களைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோக்க முடியவில்லை.
"கூட்டிட்டுப் போங்கம்மா. திருடிட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க."
அவர் மனைவி இறந்து ஐந்து மாதமாம். இந்தப் பெரியவரையும் சேர்த்துத்தானே என் வீட்டுக்காரர் ஏமாற்றியிருக்கிறார்!

ஏப்ரல் 9
நான் தனியாக வாடகைக்கு எடுத்த மாடியறை சின்னது. ஜன்னல் மட்டும் பெரியது. பட்டாணி அதை விட்டு நகர்வதில்லை.
பதிவு ஆபீஸில் மறுபடி என் பேருக்கு மாற்றினேன். புது விலாசம் எழுதினேன். அதற்குக் கீழே, "அவசரத்துக்கு இன்னொருவர் நம்பர்" என்று ஒரு கட்டம். தையல்காரரின் நம்பரை எழுதினேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாணி அவரோடுதான்.