சந்தைக்குப் போகாத காய்

18-2-91, திங்கள்

காலையில் நல்ல பனி. ஏரிக்கரை கண்ணுக்கே தெரியவில்லை. கத்தரிக்காய் பறித்து முடிப்பதற்குள் புடவை முழங்கால்வரை ஈரம். விரல் அரிப்பு. கத்தரி முள் எனக்கு ஆகாது, இத்தனை வருடம் ஆகியும்.

மாமா போன செவ்வாய் போனார். மாமனார் என்று எழுதக் கை வரவில்லை. வாயால் கூப்பிட்டபடியே இருக்கட்டும்.

துக்க வீடு என்று செடிக்குத் தெரியுமா? இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றிப்போகும். நானும் இவரும் பறித்தோம். நல்ல காய் தாம்பரம் சந்தைக்கு, சொத்தைக் காய் வீட்டுக்கு. மாமா வைத்த சட்டம். தரம் பிரிப்பதும் அவர் வேலை. இன்று இவர் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் நின்றார். நான் வாங்கி வீட்டுக் கூடையில் போட்டேன்.

வந்தவர்கள் நிறைய. டீ போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. பால் தீர்ந்து இரண்டு முறை எதிர்வீட்டில் வாங்கினேன்.

முதல் பஸ் கண்டக்டர் கூட வந்தார். காக்கிச் சட்டையோடு வாசலிலேயே நின்றார். "பெரியவரு கூடைய மேல ஏத்தற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்மா. டிரைவர் திட்டிக்கினே இருப்பாரு. இப்ப அந்த ஸ்டாப்புல வண்டி நிக்கும்போது என்னவோ மாதிரி கீது" என்றார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கிக் குடித்தார்.

சொத்தைக் காய் குழம்பு. பாதி மிஞ்சியது. சாப்பிட ஆள் இல்லை.


20-2-91, புதன்

பனி இல்லை. பகலில் வெயில் சுள்ளென்று.

சத்துணவுக் கூடத்துக்குப் போய்த் தலை காட்டினேன். லீவு போட்டிருந்தாலும் அரிசி இருப்பு பார்க்க அமைப்பாளர் நான்தானே போயாக வேண்டும். நம் வீட்டுக் காய்தான் சாம்பாரில். பிள்ளைகள் வழக்கம்போலக் கத்தரிக்காயை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தன. வளரும் பிள்ளைகள் ஒதுக்கலாமா, எங்கள் மாமா இந்த வயதில் கிணறு இறைத்தார், கத்தரிக்காய் தின்ற உடம்பு என்று எப்போதும் ஒரு பாட்டு பாடுவேன். இன்று "இந்த வயதில்" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆயா முதுகைத் தடவிவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் முனியம்மா நிலம். புருஷன் இல்லாதவள். ஒவ்வொரு போகமும் மாமா முதல் உழவு அவள் நிலத்தில்தான் ஓட்டுவார், பிறகுதான் நம்முடையது. இவர் ஒரு முறை முணுமுணுத்ததற்கு, "நம்ம நெலம் எங்கியாவது ஓடிப் போயிடுமா?" என்றாராம். இன்று முனியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. "இன்னா ஆக்கின?" என்று மட்டும் கேட்டாள்.

கத்தரிக்காய்தான். வேறென்ன.


21-2-91, வியாழன்

பெரிய நாத்தனார் (பெ.நா.) மணிமங்கலத்திலிருந்து வந்துவிட்டார். இனி பெ.நா. காரியம் முடியும்வரை இங்கேதான். வந்ததும் அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை. உப்பு ஜாடி இடம் மாறியது.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் படையல், மறுநாள் காரியம். படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். இந்த ஒரு வேளைதான். அதற்குப் பிறகு வருடா வருடம் வைப்பது வேறு கணக்கு, கேட்டு வந்து சாப்பிடுவது இந்த ஒரு நாள்தான் என்பார்கள். நான் நம்புகிறேனா தெரியவில்லை. ஆனால் சரியாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அத்தை நான் வாழ்க்கைப்பட்ட மறு வருடமே போய்விட்டார். அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு போட்டது என் கைதான்.

பெ.நா.: "எங்கப்பாவுக்குக் கத்திரிக்கா கருவாட்டுக் கொழம்புன்னா உயிரு. அத நான்தான் ஆக்குவேன். நீ சோத்தப் பாத்துக்கோ."

பிறகு அந்தக் கதை. பலமுறை கேட்டதுதான். மழை பொய்த்த வருடம். ஏரி காய்ந்து வெடித்து, கிணற்றடியில் நாலு வரி கத்தரி மட்டும் நின்றதாம். மூன்று வேளையும் அதுதான். "நாங்க நாலு பேரும் சின்னப் புள்ளைங்க. வாணாம்னு அழுவோம். அப்பா ஒடனே எங்க தட்டுலேர்ந்து எடுத்துத் துன்னுடுவாரு. 'எனக்குத்தான் இது, ஒங்களுக்குக் கெடையாது' அப்படின்னுவாரு. அவ்ளோ ஆச. அவரு புடுங்கித் துன்னுடப் போறாருன்னு நாங்க அவசர அவசரமா வாயில போட்டுக்குவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அவருக்கு அப்பாவிடம் இருந்து கிடைத்ததிலேயே பெரிய சொத்து அந்தக் கதைதான் என்று இன்று தோன்றியது. உப்பு ஜாடி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.


23-2-91, சனி

காய் பறித்தோம். மேகம், மழை இல்லை. இடுப்பு வலி.

கொழுந்தன் சேகர் இரண்டாவது ஷிப்ட். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, காரியத்தன்று மட்டும் கொடுப்பார்களாம். மொட்டையடிக்க வேண்டிய தலையோடு மிஷின் முன்னால் நிற்கிறான். இவர் அவனை ஒன்றும் சொல்வதில்லை. மாமாவும் சொன்னதில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா கேட்டது ஒன்றே ஒன்று: "சோறு அங்கியே போடறாங்களா?"

வாங்க வேண்டியது: தலைவாழை இலை, கருவாடு (பெ.நா. சொன்ன இடத்தில் மட்டும்), உளுந்து, கற்பூரம், எனக்கு இடுப்புக்குத் தைலம்.

உளுந்து சின்ன நாத்தனாருக்காக. குன்றத்தூரிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்பாவுக்கு மெதுவடைதான் பிடிக்குமாம், அது இல்லாமல் படைக்கக் கூடாதாம். பெ.நா. முகம் கோணியது. "அவ வூட்ல வட போட்டா வட புடிக்கும்னு சொல்லியிருப்பாரு."

மாமா எதைத்தான் பிடிக்கவில்லை என்றார்? நான் போட்டதை எல்லாம் "நல்லா கீதும்மா" என்பார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு உட்கார்வார், நிலத்தைப் பார்த்துச் சாப்பிடுவார், நல்லா கீது என்பார். உடனே நான் இன்னும் ஒரு கரண்டி போடுவேன். அதையும் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். உப்புப் போட மறந்த அன்றும் நல்லா கீது. என் குழம்பில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதை வளர்த்துவிட்டவர் அவர்தான்.


24-2-91, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கன்னியப்பன் பெரியவர் வந்தார். பச்சை மிளகாய் போடுபவர். மாமாவும் அவரும் ஒரே பஸ்ஸில் கூடை ஏற்றித் தாம்பரம் போவார்கள், விற்ற பிறகு ஒரே கடையில் சாப்பிடுவார்கள். எத்தனையோ வருடப் பழக்கம். பெ.நா. குளிக்கப் போயிருந்தார். நான் சொத்தைக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குப் பேச்சாகப் படையல் சங்கதி சொன்னேன்.

அவர் என் அரிவாள்மணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மருமவளே, சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. ஒங்க மாமாவுக்குக் கத்திரிக்காய கண்டாலே ஆவாது" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"கடையில எலை போட்டதும் மொத வார்த்தையே, 'கத்திரிக்கா இருந்தா எனக்கு வாணாம்பா.' தெரியாம வுழுந்துட்டா ஓரமா தள்ளி வெச்சுடுவாரு. கோஸ் பொரியல்தான் ரெண்டு தபா, மூணு தபா கேட்டு வாங்குவாரு. இன்னாப்பா, வூட்ல அப்படித் துன்றியேன்னேன். 'மழ இல்லாத வருஷம் புள்ளைங்க வாணாம்னு அழுவுதுங்க. வேற வாங்க வக்கில்ல. நான் ஆசையா துன்னாத்தான் அதுங்க துன்னும். அப்பலேர்ந்து அதுங்க எனக்குப் புடிக்கும்னே நெனச்சுக்கினு கீதுங்க. மருமவளும் பாவம், பாத்துப் பாத்துச் செய்யுது. இனிமே போயி இல்லன்னு எப்படிச் சொல்றது' அப்படின்னாரு."

நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாரத்தில் பாதி நாள். குழம்பு, பொரியல், கொத்சு, தீய்ந்தது, உப்பில்லாதது, எல்லாம். இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீரை கடைந்திருப்பேன், ஒரு அப்பளம் சுட்டிருப்பேன். கோபம்தான் வந்தது முதலில். யாரிடம் காட்ட? படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மாலை வாடியிருந்தது, எடுத்துப் போட்டேன். அப்புறம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் அழுதேன். மாமா செத்ததற்கு அழுததைவிட அதிகம்.


25-2-91, திங்கள்

காய் பறித்தோம். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும்.

பெ.நா.வுக்குச் சொல்லவே முடியாது. அப்பா ஆசையாகப் பிடுங்கித் தின்றார் என்றுதான் இத்தனை நாள் அவர் வாழ்ந்திருக்கிறார். அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் இந்த ஒரு வேளைச் சோற்றிலும் அவருக்குப் பிடிக்காததையா வைப்பது? ராத்திரி முழுக்க இதுதான். தூக்கம் இல்லை.

சேகரிடம் ரகசியமாகச் சொன்னேன்: "வரும்போது தாம்பரத்துல நல்ல கோஸா ஒண்ணு வாங்கிட்டு வாப்பா." ஏன் என்று கேட்கவில்லை. ஷிப்ட் போகிற பிள்ளைக்குக் கேட்கத் தெம்பு இல்லை.


26-2-91, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து அடுப்பு. வெக்கை. சின்ன நாத்தனார் வந்து வடைக்கு உட்கார்ந்தாள். பெ.நா. குழம்புச் சட்டி பக்கம் யாரையும் விடவில்லை. நான் கோஸ் நறுக்கினேன்.

"கோசா? எங்கப்பா கோஸ் துன்னு யாரு பாத்தா?"

"எனக்கு என்னவோ தோணிச்சு."

"தோணறதெல்லாம் படைக்க அவரு இன்னா விருந்தாளியா? இத்தினி வருஷம் ஆக்கிப் போட்டவ, அவருக்கு இன்னா புடிக்கும்னுகூடத் தெரியல."

கூடத்தில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. இவர் என்னைப் பார்த்தார். தேங்காய் நிறையத் துருவிப் போட்டேன்.

சாயங்காலம் இலை போட்டோம். பரிமாறுவது மூத்த மருமகள் வேலை, அதில் யாரும் குறுக்கே வர முடியாது. சோற்றுக்குப் பக்கத்தில், கை முதலில் போகும் இடத்தில் கோஸ், தாராளமாக. அதையடுத்து வடை. பெ.நா. சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு துண்டு கத்தரிக்காய், ஒரு துண்டு கருவாடு. இலையின் ஓரத்தில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தரையில் விழும்.

கன்னியப்பன் பெரியவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தோம். பெ.நா. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வயிறாரத் துன்னுட்டுப் போயிட்டாரு" என்றார். நிறைவாக இருந்தது அவர் முகம். எனக்கும் அது போதும் என்றிருந்தது.


27-2-91, புதன்

காரியம் முடிந்தது. இரண்டு பிள்ளைகளும் மொட்டை. தலைப்பாகை கட்டினார்கள். சாப்பிட்டவர்கள் கணக்கில்லை. முனியம்மா கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள், மாமா உட்கார்வதுபோல. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. வேறு எழுத ஒன்றுமில்லை.


28-2-91, வியாழன்

எல்லாரும் கிளம்பினார்கள். பெ.நா. போகும்போது என் தலையைத் தடவினார். "முந்தாநேத்து ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத." வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பை நிறைய நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

வேலைக்குப் போனேன். முதல் வரிசையில் ஒரு பெண் குழந்தை காயைத் தட்டு ஓரம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து விழித்தது. "வெச்சுடு கண்ணு, பரவால்ல" என்றேன். ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.


1-3-91, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. இனி பனி கிடையாது.

பறித்தோம். இவரே பிரித்தார், தடுமாறவில்லை. வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது கன்னியப்பன் பெரியவர் சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார். கைக்கு எட்டிய கத்தரிச் செடியில் ஒரு சொத்தைக் காயைக் கிள்ளிப் போட்டார்.

"எனக்கும்தான் புடிக்காது" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"சின்ன வயசுலேர்ந்தே. அப்பா அவ்ளோ ஆசையா துன்றாரே, நான் வாணாம்னா நீ ஆக்கறத வுட்டுடுவ. அவருக்குக் கெடைக்காம போயிடும்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். பக்கத்து நிலத்தில் முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். துக்க வீட்டுக்காரர்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று நினைத்திருப்பாள். சிரித்து முடிந்ததும் அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார், எடுக்கவே இல்லை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அடுத்த போகம் வெண்டை போடலாம் என்றார், வீட்டுக்கு வந்ததும். போடலாம்.

வீட்டில் வேறு காய் இல்லை. கடைக்குப் போகக் காலில் தெம்பும் இல்லை. கூடையில் சொத்தைக் காய் கிடந்தது. நறுக்கினேன், விரல் அரித்தது, குழம்பு வைத்தேன். சோறு போட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"நல்லா கீது" என்றார்.

பழக்கத்தில் கை இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டது.